எலும்பு தாங்கட்டும்

1989 ஜூலை 23. டூர் டி பிரான்ஸ் சைக்கிள் பந்தயத்தின் கடைசி நாள். வெர்சாயிலிருந்து பாரிஸின் ஷான்ஸ் எலிசே வரை 24.5 கிலோமீட்டர். ஒவ்வொருவராகப் புறப்பட்டுத் தனியே ஓட்டி முடிக்க வேண்டிய சுற்று அது. பிரான்ஸைச் சேர்ந்த லோரான் ஃபின்யோன் 50 வினாடி முன்னிலையோடு கிளம்பினார். 1983, 1984 என்று ஏற்கெனவே இரண்டு முறை வென்றவர். இவ்வளவு குறைந்த தூரத்தில் அந்த முன்னிலையை யாரும் பறித்துவிட முடியாது என்றே பலரும் நினைத்தார்கள். அமெரிக்கரான கிரெக் லெமாண்ட் பறித்தார். மூன்று வாரங்களில் 3,285 கிலோமீட்டர் ஓட்டிய பிறகு இருவருக்கும் இடையில் இருந்த வித்தியாசம் 8 வினாடி. டூர் டி பிரான்ஸ் வரலாற்றில் இன்றுவரை இதைவிடக் குறைந்த இடைவெளியில் யாரும் தோற்றதில்லை.

அந்த 8 வினாடி எங்கே போனது என்று இன்றைக்கும் விவாதிக்கிறார்கள். லெமாண்ட் காற்றைக் கிழிக்கும் ஹெல்மெட்டும் முன்னோக்கி நீண்ட ஹேண்டில்பாரும் வைத்திருந்தார். ஃபின்யோன் வெறுந்தலையோடு, குதிரைவால் கூந்தல் பறக்க ஓட்டினார். இவை உண்மையான காரணங்கள்தான். ஆனால் இன்னொன்றும் இருந்தது. பந்தயத்தின் கடைசி நாட்களில் சீட் உரசும் இடத்தில் ஃபின்யோனுக்குப் புண் வந்திருந்தது. உட்காரவே சிரமப்பட்டுக்கொண்டிருந்த ஒருவர்தான் அன்று சீட்டில் ஏறினார்.

அவர் மட்டுமல்ல. 1987இல் ஸ்பெயின் நாட்டுப் பந்தயமான வுவெல்ட்டாவில் முதலிடத்தில் இருந்த அயர்லாந்து வீரர் ஷான் கெல்லி, முடிவுக்குச் சில நாட்களே இருந்தபோது சீட் கட்டியால் விலகிக்கொண்டார். 1953 முதல் 1955 வரை தொடர்ந்து மூன்று முறை டூர் டி பிரான்ஸை வென்ற லூயிஸோன் போபே, மூன்றாவது வெற்றியை இதே வகைப் புண்ணோடுதான் ஓட்டி முடித்தார். பிறகு அறுவை சிகிச்சை செய்துகொள்ள வேண்டியிருந்தது. மருத்துவரும் மசாஜ் செய்பவரும் கூடவே வரும் வீரர்களுக்கே இந்த நிலை என்றால், ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் கிழக்குக் கடற்கரைச் சாலையில் நூறு கிலோமீட்டர் ஓட்டிவிட்டு மறுநாள் அலுவலக நாற்காலியில் நெளிபவர் யாரிடம் சொல்வார்?

பெரும்பாலும் யாரிடமும் சொல்வதில்லை. முழங்கால் வலியைப் பற்றி வழியெல்லாம் பேசுவார்கள். கீழே மரத்துப் போனதைப் பற்றி வாய் திறக்க மாட்டார்கள். இந்தக் கூச்சம் உடற்கூறியலின் பெயரிலேயே பதிந்திருக்கிறது. அந்தப் பகுதிக்கு உணர்ச்சி தரும் நரம்புக்குப் புடெண்டல் நரம்பு என்று பெயர். ‘வெட்கப்பட வேண்டியது’ என்ற பொருள் தரும் லத்தீன் சொல்லிலிருந்து வந்தது அது. உடலின் ஓர் உறுப்புக்கு இப்படிப் பெயர் வைத்ததன் விலையைச் சைக்கிள் ஓட்டுபவர்களும் சேர்ந்தே கொடுக்கிறார்கள்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்ள வேண்டும். ‘சீட் வலிக்குது’ என்ற ஒரே வாக்கியத்துக்குள் மூன்று வெவ்வேறு தொல்லைகள் இருக்கின்றன. ஒன்று எலும்பின் வலி. புதிதாக ஓட்டத் தொடங்குபவருக்கு முதல் சில நாட்கள் புட்டத்தின் அடியில் கன்றிப்போனது போல இருக்குமே, அது. விட்டுவிட்டுச் சில வாரங்கள் ஓட்டினால் பெரும்பாலும் பழகிவிடும். இரண்டாவது தோலின் எரிச்சல்; உரசலும் வியர்வையும் சூடும் சேர்ந்து செய்வது. மூன்றாவதுதான் மரத்துப் போவது. இது எலும்பு சம்பந்தப்பட்டதும் அல்ல, தோல் சம்பந்தப்பட்டதும் அல்ல. நரம்பும் ரத்தக்குழாயும் நசுங்குவதால் வருவது. முதல் தொல்லை பழகிப் போவதைப் பார்த்து மூன்றாவதும் பழகிவிடும் என்று நினைப்பதில்தான் ஆபத்து இருக்கிறது.

கடினமான தரையில் உட்கார்ந்து, உள்ளங்கைகளைப் புட்டத்துக்கு அடியில் கொடுத்துப் பார்த்தால் இரண்டு முண்டுகள் கையில் தட்டுப்படும். இடுப்பெலும்பின் அடிமுனைகள் அவை. மனித உடல் உட்காரும்போது எடையைத் தாங்குவதற்கென்று அமைந்த இடம் அதுதான். திண்ணையில் உட்கார்ந்தாலும் பாறையில் உட்கார்ந்தாலும் பாரம் அங்கேதான் இறங்குகிறது. இந்த இரண்டு எலும்புகளுக்கும் நடுவே, பிறப்புறுப்புக்கும் ஆசனவாய்க்கும் இடைப்பட்ட மெத்தென்ற பகுதிக்கு எடை தாங்கும் வேலையே கிடையாது. புடெண்டல் நரம்பும் அதே பெயர் கொண்ட ரத்தக்குழாயும் இடுப்பெலும்பின் உட்புறத்தை ஒட்டிய ஒரு குறுகிய பாதை வழியாக வந்து இந்தப் பகுதியில் கிளை பிரிகின்றன. அந்தப் பாதைக்கு, அதை விவரித்த 19ஆம் நூற்றாண்டு அயர்லாந்து உடற்கூறியலாளர் பெஞ்சமின் ஆல்காக்கின் பெயரையே வைத்திருக்கிறார்கள்.

சம்மணம் போட்டு நெடுநேரம் உட்கார்ந்தால் கால் மரத்துப் போகிறது. காலை நீட்டியதும் ஊசி குத்துவது போல ஆகி, பிறகு சரியாகிறது. நசுங்கிய நரம்பு செய்தி அனுப்புவதை நிறுத்துகிறது. அழுத்தம் விலகியதும் மறுபடி அனுப்புகிறது. சைக்கிள் சீட்டில் நடப்பதும் இதேதான். ஒரே வேறுபாடு, கால் மரத்தால் உடனே நீட்டிவிடுகிறோம். சைக்கிளில் மூன்று மணி நேரம் அப்படியே ஓட்டிக்கொண்டிருக்கிறோம்.

அந்தக் காலத்தில் அப்பாவும் தாத்தாவும் ஆயுள் முழுக்கச் சைக்கிள் ஓட்டினார்களே, அவர்களுக்கு இதெல்லாம் இருந்ததா என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்வி. விடை அவர்கள் ஓட்டிய வண்டியில் இருக்கிறது. அம்பத்தூர் ஆலையிலிருந்து வந்த ஹெர்குலிஸ் போன்ற வண்டிகளில் ஹேண்டில்பார் சீட்டை விட உயரமாகவும் ஓட்டுபவருக்கு அருகிலும் இருந்தது. முதுகு நிமிர்ந்தே இருக்கும். அடியில் சுருள் வில் வைத்த அகலமான தோல் சீட்டில் இரண்டு எலும்பும் முழுசாக இறங்கி உட்காரும். அதோடு பால்காரரும் தபால்காரரும் வீட்டுக்கு வீடு இறங்கி ஏறினார்கள். அழுத்தம் நீடிக்க வாய்ப்பே இல்லை.

பந்தய வண்டியில், அதைப் பார்த்து உருவான இன்றைய ரோடு பைக்குகளில், எல்லாமே மாறிப்போனது. காற்றின் எதிர்ப்பைக் குறைக்க ஹேண்டில்பார் கீழே இறங்கியது. உடம்பு முன்னால் குனிந்தது. குனியும்போது இடுப்பெலும்பும் முன்னோக்கிச் சுழல்கிறது. பாரம் எலும்பின் முண்டுகளை விட்டு நகர்ந்து மென்பகுதிக்கு வருகிறது. தொடைகள் உரசாமல் சுழல வேண்டும் என்பதற்காகச் சீட்டின் முன்பாதி குறுகலாக, மூக்கு போல நீண்டிருக்கிறது. எடை வந்து விழும் இடத்தில் எலும்பு இல்லை. எதிரே ஒரு குறுகிய மூக்கு. இந்தச் சந்திப்பில்தான் நரம்பு நசுங்குகிறது.

இதற்குக் கடைக்காரர் முதல் நண்பர் வரை எல்லோரும் சொல்லும் ஒரே மருந்து, ‘நல்ல ஜெல் சீட் கவர் ஒன்னு வாங்கிப் போடுங்க’ என்பது. கையால் அழுத்திப் பார்த்தால் இதமாகத்தான் இருக்கும். பத்து நிமிடம் ஓட்டினாலும் இதமாகவே இருக்கும். ஆனால் இரண்டு மணி நேரத்தில் நடப்பது வேறு. எலும்பு முண்டுகள் மெத்தைக்குள் புதைந்து இறங்குகின்றன. பிதுங்கிய ஜெல் எங்கே போகும்? நடுவில் மேலெழுந்து, எந்த இடத்தைக் காப்பாற்ற வேண்டுமோ அந்த இடத்தையே அழுத்துகிறது.

ஜெர்மனியின் கொலோன் பல்கலைக்கழகச் சிறுநீரகவியல் மருத்துவர்கள் இதை அளந்தே பார்த்தார்கள். ஆண்களைப் பல வகைச் சீட்டுகளில் ஓட்டவைத்து, ஆணுறுப்பின் தோலில் ஆக்ஸிஜன் அளவு எவ்வளவு குறைகிறது என்று பதிவுசெய்தார்கள். 2002இல் வெளியான முடிவு பலரையும் வியக்கவைத்தது. தடிமனாகப் பஞ்சு வைத்த குறுகிய சீட்டில் ஆக்ஸிஜன் அளவு ஏறக்குறைய 82 சதவீதம் குறைந்தது. மூக்கே இல்லாத, அகலமான சீட்டில் குறைந்தது சுமார் 20 சதவீதம்தான். ரத்த ஓட்டத்தைக் காப்பாற்றியது மென்மை அல்ல, அகலம்.

இந்த உண்மையை ஒரு தொழிற்பட்டறைக்காரர் கைப்பழக்கத்தால் முன்பே கண்டுகொண்டிருந்தார் என்று சொல்லலாம். இங்கிலாந்தின் பர்மிங்ஹாமில் குதிரைச் சேணமும் தோல் பொருட்களும் செய்துவந்த ஜான் போல்ட்பி புரூக்ஸ், சைக்கிளின் கட்டாந்தரை போன்ற இருக்கையைப் பொறுக்க முடியாமல் 1882இல் ஒரு சீட்டுக்குக் காப்புரிமை வாங்கினார். இரும்புச் சட்டத்தின் குறுக்கே ஊஞ்சல் போல இழுத்துக் கட்டிய தடித்த தோல். பஞ்சே கிடையாது. தொட்டால் பலகை போலத்தான் இருக்கும். ஓட்ட ஓட்ட, அந்தத் தோல் ஓட்டுபவரின் எலும்புகள் இருக்கும் இடத்தில் மட்டும் குழிந்து அவருக்கென்றே வடிவம் கொள்கிறது. நெடுந்தூரம் ஓட்டுபவர்களில் பலர் இன்றும் அந்த வகைத் தோல் சீட்டை விடுவதில்லை.

மருத்துவ உலகம் இதைத் தீவிரமாக எடுத்துக்கொண்டது 1997இல். அந்த ஆண்டு நார்வேயிலிருந்து ஓர் ஆய்வு வெளியானது. டிரோன்ஹெய்மிலிருந்து ஓஸ்லோ வரை 540 கிலோமீட்டர் ஓட்டிய 160 ஆண்களைக் கேட்டதில் 22 சதவீதம் பேருக்கு அந்தரங்கப் பகுதியில் மரத்துப் போதலோ வலியோ வந்திருந்தது. பத்துப் பேருக்கு மரத்தது ஒரு வாரத்துக்கும் மேல் தெளியவில்லை. 13 சதவீதம் பேர் விறைப்புத் தன்மை குறைந்ததாகச் சொன்னார்கள். மூன்று பேருக்கு அது ஒரு மாதத்துக்கும் மேல் நீடித்தது. அதே ஆண்டு அமெரிக்காவில் பாஸ்டன் நகரச் சிறுநீரகவியல் நிபுணர் இர்வின் கோல்ட்ஸ்டைன் ஒரு சைக்கிள் பத்திரிகையில் கடுமையாக எச்சரித்தார். சீட் நிறுவனங்கள் விழித்துக்கொண்டன. நடுவில் பள்ளமோ ஓட்டையோ விட்ட சீட்டுகள் கடைகளில் பரவலானது அதன் பிறகுதான்.

அமெரிக்காவில் சைக்கிளிலேயே ரோந்து போகும் போலீஸார் உண்டு. நாளெல்லாம் சீட்டில் இருப்பவர்கள். பணியிட உடல்நலத்தை ஆராயும் நியோஷ் என்ற அரசு நிறுவனம் இவர்களில் 90 பேருக்கு மூக்கில்லாத சீட்டைக் கொடுத்து ஆறு மாதம் ஓட்டச் சொன்னது. முடிவு 2008இல் வெளியானது. நடுப்பகுதியில் விழும் அழுத்தம் மூன்றில் இரண்டு பங்கு குறைந்திருந்தது. மரத்துப் போகவே இல்லை என்று சொன்னவர்கள் முன்பு 27 சதவீதம். ஆறு மாதத்துக்குப் பிறகு 82 சதவீதம். மூக்கு இல்லாத சீட்டில் வண்டியைத் தொடைகளால் கட்டுப்படுத்துவது கடினம் என்பதால் பந்தய வீரர்களுக்கு அது ஒத்துவருவதில்லை. ரோந்துக்கும் அன்றாடப் பயணத்துக்கும் அது ஒரு நல்ல விடை.

இதையெல்லாம் படித்துவிட்டுச் சைக்கிளையே மூலையில் சாத்திவிடத் தேவையில்லை. சான் பிரான்சிஸ்கோவில் உள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் மருத்துவர்கள் 2,774 சைக்கிள் ஓட்டும் ஆண்களை நீச்சல்காரர்களோடும் ஓட்டக்காரர்களோடும் ஒப்பிட்டு, 2018இல் முடிவை வெளியிட்டார்கள். பாலியல் நலத்திலோ சிறுநீர் கழிப்பதிலோ சைக்கிள் ஓட்டுபவர்கள் மற்றவர்களைவிட மோசமாக இல்லை. மரத்துப் போகும் தொல்லை மட்டும் அவர்களிடம் அதிகம். அதிலும் ஒரு வேறுபாடு தெளிவாகத் தெரிந்தது: ஓட்டும் நேரத்தில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் சீட்டிலிருந்து எழுந்து நின்று மிதித்தவர்களுக்கு அந்தத் தொல்லை குறைவு. ஹேண்டில்பாரைச் சீட்டின் உயரத்திலோ அதற்குக் கீழோ வைத்தவர்களுக்கு அதிகம். காசு செலவில்லாத இரண்டு மருந்துகள் இந்த ஒரே ஆய்வில் கிடைத்துவிட்டன.

பெண்களைப் பற்றி இந்தத் துறை தாமதமாகத்தான் கவலைப்பட்டது. ஏறக்குறைய எல்லாப் பேச்சும் ஆண்மைக் குறைவைச் சுற்றியே நடந்தது. யேல் பல்கலைக்கழகத்தின் மார்ஷா கெஸ்ஸும் அவருடைய குழுவினரும் 2006இல், தொடர்ந்து சைக்கிள் ஓட்டும் பெண்களை ஓட்டக்காரப் பெண்களோடு ஒப்பிட்டு, சைக்கிள் ஓட்டும் பெண்களுக்குத் தொடு உணர்ச்சி குறைந்திருப்பதைக் கண்டார்கள். 2012இல் காரணத்தையும் நெருங்கினார்கள்: ஹேண்டில்பார் சீட்டைவிடத் தாழ்ந்திருந்தால் அழுத்தம் கூடுகிறது, உணர்ச்சி குறைகிறது. பெண்களின் இடுப்பெலும்பு பொதுவாக அகலமானது. முண்டுகளுக்கு இடையிலான தூரமும் அதிகம். அண்ணனுக்காக வாங்கிய வண்டியைச் சீட்டை மாற்றாமல் தங்கை ஓட்டும்போது அவருடைய எலும்புகள் சீட்டின் விளிம்புக்கு வெளியே போய்விடக்கூடும். அவருக்கு வலிப்பது பழக்கம் போதாததால் அல்ல, அகலம் போதாததால்.

தன் எலும்புகளுக்கு எவ்வளவு அகலம் வேண்டும் என்று வீட்டிலேயே கண்டுபிடிக்கலாம். மளிகைச் சாமான் வந்த அட்டைப்பெட்டியிலிருந்து ஒரு துண்டை வெட்டி, உயரம் குறைந்த கடினமான ஸ்டூலில் போட்டு, மெல்லிய உடையோடு அதன் மேல் உட்கார வேண்டும். குதிகாலைச் சற்றுத் தூக்கி, கொஞ்சம் முன்னால் குனிந்து ஒரு நிமிடம் இருந்தால் போதும். எழுந்து பார்த்தால் அட்டையில் இரண்டு குழி தெரியும். சாக்பீஸைப் படுக்கவைத்துத் தேய்த்தால் இன்னும் தெளிவாகத் தெரியும். ஒரு குழியின் நடுவிலிருந்து மற்றதன் நடுவரை அளந்து, அதோடு இரண்டு சென்டிமீட்டர் போலக் கூட்டினால் சீட்டின் பின்பகுதிக்கு வேண்டிய அகலம் கிடைக்கும். நிமிர்ந்து ஓட்டுபவர் இன்னும் சற்றுக் கூட்டிக்கொள்ளலாம். ஆள் குண்டா ஒல்லியா என்பதற்கும் இந்த அளவுக்கும் சம்பந்தமில்லை. பருமனானவருக்குக் குறுகிய எலும்பும் மெலிந்தவருக்கு அகன்ற எலும்பும் இருக்கலாம். கண்ணால் மதிப்பிட்டுச் சீட் வாங்குவது, காலை அளக்காமல் செருப்பு வாங்குவதைப் போன்றது.

சரியான சீட்டையும் தவறான உயரம் கெடுத்துவிடும். சீட் அதிக உயரத்தில் இருந்தால் பெடலின் அடிப்புள்ளியை எட்டுவதற்காக இடுப்பு இடமும் வலமும் ஆடும். மணிக்கு ஐயாயிரம் முறை அப்படி ஆடினால் எந்தத் தோலும் தாங்காது. நடுப்பகுதியும் சீட்டின் மேல் அறைந்துகொண்டே இருக்கும். ஃபின்யோன், லெமாண்ட் இருவருக்கும் ஒரு காலத்தில் பயிற்சியாளராக இருந்த சிரில் கிமார் பயன்படுத்திய கணக்கு ஒன்று இன்றும் புழக்கத்தில் இருக்கிறது. கவட்டிலிருந்து பாதம் வரையிலான கால் நீளத்தை 0.883 ஆல் பெருக்க வேண்டும். 80 சென்டிமீட்டர் என்றால் 70.6 வரும். பெடல் கம்பிகள் சுழலும் நடு அச்சிலிருந்து சீட்டின் மேற்பரப்பு வரை அந்த உயரம். இது தொடக்கப் புள்ளிதான். பிறகு அவரவர் உடம்பு சொல்வதைக் கேட்டு மில்லிமீட்டர் கணக்கில் ஏற்றி இறக்க வேண்டும்.

மில்லிமீட்டர் முக்கியமா என்று கேட்பவர்கள் எடி மெர்க்ஸை நினைத்துக்கொள்ளலாம். ஐந்து முறை டூர் டி பிரான்ஸ் வென்ற பெல்ஜியத்துக்காரர். 1969 செப்டம்பரில் பிரான்ஸின் புளுவா நகர ஓட்டக் களத்தில் நடந்த விபத்தில் அவருடைய இடுப்பு கோணிப்போனது. அதற்குப் பிறகு சீட்டின் உயரம் அவருக்கு ஒருபோதும் சரியாக அமையவில்லை. பந்தயத்தின் நடுவிலேயே சீட்டைச் சரிசெய்துகொண்டே இருந்தார்.

உயரத்துக்கு அடுத்தது சாய்வு. மூக்கு மேல்நோக்கி இருந்தால் நேராக நரம்பில் குத்தும். அதற்குப் பயந்து மூக்கை மிகவும் கீழே சாய்த்தால் உடம்பு முன்னால் வழுக்கி, பாரம் முழுதும் கைக்கு வரும்; அடுத்து உள்ளங்கை மரக்கும், சுண்டுவிரலும் மோதிரவிரலும் விறுவிறுக்கும். சமமாக வைத்துத் தொடங்கி, தேவைப்பட்டால் ஒன்றிரண்டு டிகிரி மட்டும் முன்பக்கம் இறக்கலாம். சமன் பார்க்க இப்போது கைப்பேசியே போதும். ஒரே நாளில் உயரம், சாய்வு, முன்பின் மூன்றையும் மாற்றினால் எது உதவியது, எது கெடுத்தது என்றே தெரியாது. ஒரு முறைக்கு ஒன்று.

பிரெவே என்ற நெடுந்தூர ஓட்டங்கள் சென்னை உட்பட இந்திய நகரங்கள் பலவற்றில் நடக்கின்றன. 200 கிலோமீட்டருக்குப் பதின்மூன்றரை மணி நேரம், 600க்கு 40 மணி நேரம் என்று கெடு. நான்கு ஆண்டுக்கு ஒருமுறை நடக்கும் பாரிஸ்-பிரெஸ்ட்-பாரிஸுக்குச் சுமார் 1,200 கிலோமீட்டர், 90 மணி நேரம். இந்தியாவிலிருந்தும் நூற்றுக்கணக்கானோர் போய் ஓட்டியிருக்கிறார்கள். இத்தனை நேரம் உட்காரும்போது இன்னொரு இயற்பியல் காரணமும் தலைகாட்டுகிறது. காலால் அழுத்தி மிதிக்கும்போது உடலின் எடையில் ஒரு பங்கைப் பெடல் தாங்குகிறது. கால் சோர்ந்து மிதி மெலியும்போது அந்தப் பங்கும் சீட்டுக்கு இறங்குகிறது. கடைசி ஐம்பது கிலோமீட்டரில் மட்டும் சீட் ஏன் கல்லாகிறது என்பதற்கு விளக்கம் இதுதான். அனுபவசாலிகள் முதல் மணியிலிருந்தே பத்துப் பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறை எழுந்து நின்று சில சுற்று மிதிக்கிறார்கள். மரத்த பிறகு எழுவதல்ல, மரக்கும் முன்பே எழுவது. வீட்டுக்குள், வண்டியை நகராமல் நிறுத்தி மிதிக்கும் டிரெய்னரில் ஓட்டுபவர் இதை இன்னும் கவனமாகச் செய்ய வேண்டும். அங்கே மேடும் இல்லை, வேகத்தடையும் இல்லை. எழுந்து நிற்க நினைவூட்ட எதுவுமே இல்லை.

தோலின் கதை எளிது. பேட் வைத்த ஷார்ட்ஸுக்கு உள்ளே ஜட்டி போடக் கூடாது. நம் ஊரில் பலரும் செய்யும் தவறு இது. ஜட்டியின் தையல்தான் முதலில் அறுக்கிறது. உரசும் இடத்தில் ஓட்டுவதற்கு முன்பு அதற்கான கிரீமைத் தடவலாம். டால்கம் பவுடர் வியர்வையில் கட்டி கட்டியாகி உரசலைக் கூட்டவே செய்யும். ஓட்டி முடித்ததும் அந்த ஷார்ட்ஸோடு டீக்கடையில் உட்கார்ந்து ஒரு மணி நேரம் பேசுவது, கிருமிகளுக்குச் சூடும் ஈரமும் கொடுத்து வளர்ப்பதாகும். உடனே குளித்து, ஷார்ட்ஸைத் துவைத்து, உட்புறம் வெளியே தெரியும்படி வெயிலில் காயப்போட வேண்டும். கட்டி கிளம்பிவிட்டால் அது ஆறும்வரை ஓட்டாமல் இருப்பதுதான் மருத்துவம்; ஷான் கெல்லி அப்படித்தான் இறங்கினார். அடுத்த ஆண்டே வந்து அதே வுவெல்ட்டாவை வென்றார்.

ஓட்டி முடித்த மறுநாளும் மரத்தது தெளியாவிட்டால், சிறுநீர் கழிக்கச் சிரமமோ சிறுநீரில் ரத்தமோ தெரிந்தால், விறைப்பில் மாற்றம் வந்தால், கட்டியோடு காய்ச்சலும் சேர்ந்தால், சீட்டை மாற்றிப் பார்ப்பதை நிறுத்திவிட்டு மருத்துவரிடம் போக வேண்டும். சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு நரம்பு ஏற்கெனவே நலிந்திருக்கக்கூடும் என்பதால் அவர்கள் இன்னும் சீக்கிரம் போவது நல்லது. மருத்துவரிடம் இடத்தைச் சொல்லத் தயங்க வேண்டாம். ‘சைக்கிள் ஓட்டினால் இங்கே மரத்துப் போகிறது, இவ்வளவு நேரம் நீடிக்கிறது’ என்று நேராகச் சொல்லுங்கள். கூடவே ஓட்டும் நண்பரிடமும் கேளுங்கள். அவரும் யாராவது கேட்க மாட்டார்களா என்று காத்துக்கொண்டிருக்கலாம்.